மகஜர் முதல் மேல்முறையீடு வரை

நம் நாட்டுக் காவல் துறையினர் ஒரு வழக்கின் பொருட்டு ஏதேனும் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது, சாட்சிகள் முன்னிலையில் ஒரு தாள் எழுதி அவர்களிடம் கையொப்பம் பெறுகின்றனர். அத்தாளுக்கு ‘மகஜர்’ என்று பெயர். கிராமத்து முதியவர் முதல் நகரத்து வழக்கறிஞர் வரை எல்லோரும் அறிந்த சொல் இது. இது நம் மத்ரஸாக்களில் ஓதப்பெறும் ஃபிக்ஹு நூல்களின் சொல் என்பதை மட்டும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரபு மொழியில் ‘ஹளர’ என்றால் முன்னிலையில் வந்தான் என்பது பொருள். அதிலிருந்து பிறந்தது ‘மஹ்ளர்’. அதாவது, வழக்காளிகளும் சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் காழி எழுதிவைக்கும் பதிவு. அதே வேரில் பிறந்த ‘ஹாளிர்’ என்னும் சொல்லே நீதிமன்ற வாயிலில் ‘ஆஜர்’ என்று ஒலிக்கிறது. ரமளான் என்றும் பர்ளு என்றும் ‘ளாத்’ எழுத்தை ளகரமாகவே மொழிந்து பழகியவர் தமிழ் முஸ்லிம்கள். ஆனால் நீதிமன்றத்துச் சொற்களில் அவ்வெழுத்து ஜகரமாக நிற்கிறது. காரணம் தெளிவு. இச்சொற்கள் கடல் வழியே அரபு வணிகரோடு வந்தவை அல்ல. பார்ஸி மொழி பேசிய அரசாங்கக் கச்சேரிகள் வழியே வந்தவை. ஜாமீன், கைதி, வக்கீல், அசல், நகல், ரத்து, பைசல் என்று நீளும் வரிசை முழுவதும் அவ்வழியே வந்ததுதான்.

சொற்கள் வந்த வழியில் ஒரு முறையும் வந்தது. கீழ்மன்றத்தில் எழுதப்பெற்ற பதிவு மேல்மன்றத்திற்குச் செல்வதும், அங்கே வேறு கண்கள் அதைப் படிப்பதும், அவ்வாறு படித்த பின்னரே ஒரு மனிதனின் உயிர் பற்றிய முடிவு உறுதிபெறுவதும் ஆகிய முறையே அது. அம்முறை இந்நாட்டில் உருப்பெற்ற காலத்தில் நம் உலமாக்கள் அதில் வகித்த இடம் என்ன, அந்த இடம் எவ்வாறு பறிபோயிற்று என்பதை ஈண்டு சுருக்கமாக ஆராய முற்படுகிறோம்.

காழியின் பதிவேடு

ஹிஜ்ரி 261ல் மறைந்த இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்கள் ‘அதபுல் காழி’ என்னும் பெயரில் நீதிபதியின் ஒழுக்கமுறை பற்றித் தனி நூல் யாத்தார்கள். ஹிஜ்ரி 593ல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் தம் ‘ஹிதாயா’வில் இதே பொருளுக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார்கள். புதிதாகப் பதவியேற்கும் காழி முதன்முதலில் செய்யவேண்டியது யாது? தமக்கு முன்னிருந்தவரின் ‘தீவானை’க் கேட்டுப் பெறுதல். மஹ்ளர்களும், தீர்ப்புகள் அடங்கிய ‘ஸிஜில்’களும் வைக்கப்பெற்ற பைகளே தீவான் எனப்படும். நம்பிக்கைக்குரிய இருவரை அனுப்பி, முன்னவரோ அவருடைய ஆளோ உடனிருக்க, ஒவ்வொரு வகைப் பதிவையும் தனித்தனியே பிரித்துப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நூல் விதிக்கிறது. பதிவுகள் காழியின் சொந்த உடைமை அல்ல. அவை மக்களின் உரிமைகளைத் தாங்கியவை என்பதே இதன் உட்கருத்து.

அடுத்து அவர் செய்யவேண்டியது இன்னும் கருத்தூன்றிக் கவனிக்கத் தக்கது. சிறையில் இருப்போரைப் பார்வையிட வேண்டும். தன் மீதுள்ள கடப்பாட்டை ஒப்புக்கொள்பவனைச் சிறையிலேயே வைக்கலாம். மறுப்பவன் விஷயத்தில் முன்னிருந்த காழியின் வாய்ச்சொல் மட்டும் போதாது, சான்று வேண்டும். பதவியிலிருந்து இறங்கியவர் மற்றக் குடிமக்களைப் போன்றவரே. அவர் ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நிலைபெறாது. சான்று இல்லை என்பதற்காக அவசரப்பட்டு விடுவித்துவிடவும் கூடாது. இன்னாரைச் சிறையில் வைக்கக் கோரியவர் உண்டா என்று பொது அறிவிப்புச் செய்து, பொறுத்திருந்து பார்த்த பின்னரே விடுவிக்க வேண்டும்.

இதை மேல்முறையீடு என்று கூறிவிட முடியாது. ஒரு காழி முறைப்படி அளித்த தீர்ப்பை, திருமறைக்கோ நபிவழிக்கோ இஜ்மாவுக்கோ முரணானதாக இருந்தாலன்றி, மற்றொரு காழி தம் கருத்து வேறுபாட்டைக் காட்டி மாற்றலாகாது என்பதே ஃபிக்ஹின் பொது விதி. குறைகளைக் கேட்பதற்கு ‘மளாலிம்’ அவைகள் இருந்தன. அவை ஆட்சியாளரின் பொறுப்பில் நடைபெற்றன. எனினும் தவறான தீர்ப்பை மாற்றிக்கொள்ள வெட்கப்படக் கூடாது, உண்மையின்பால் திரும்புதல் பிழையில் நிலைத்திருப்பதினும் மேலானது என்ற கருத்து நம் மரபில் ஆழ வேரூன்றியதே. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக நூலோர் எடுத்துக்காட்டும் கடிதத்தின் சாரமும் இதுவே.

கும்பெனியும் காழிகளும்

1765ல் வங்கத்தின் திவானி உரிமை கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. குற்றவியல் நீதியோ நவாபின் நிஜாமத்தின் கீழேயே நின்றது. 1772ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஃபௌஜ்தாரி அதாலத் அமைந்தது. காழியும் முஃப்தியும் மௌலவிகள் இருவரும் அங்கே அமர்ந்து வழக்கை விசாரித்தனர். அவற்றுக்கு மேல் சதர் நிஜாமத் அதாலத். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் கீழ்மன்றத்தின் நடவடிக்கைகள் அங்கே அனுப்பப்பெற்று, இறுதியில் நாஜிமின் ஆணை பெற்ற பின்னரே தண்டனை நிறைவேறும்.

1790ல் காரன்வாலிஸ் பிரபு இந்த அமைப்பை மாற்றினார். நிஜாமத் அதாலத் முர்ஷிதாபாதிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தலைமையில் கவர்னர் ஜெனரலும் அவருடைய ஆலோசனைச் சபையினரும் அமர்ந்தனர். தலைமைக் காழியும் முஃப்திகள் இருவரும் அவர்களுக்குத் துணை நின்றனர். நாட்டைச் சுற்றிவரும் நான்கு ‘சர்க்யூட்’ மன்றங்களில் ஆங்கில அதிகாரிகள் நீதிபதிகளாயினர். 1793ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டங்களில் இம்முறை விரிவாக எழுதப்பட்டது.

சென்னை மாகாணத்திற்கு இது 1802ல் வந்தது. வங்கத்து விதிகளைப் பெரும்பாலும் அடியொற்றி எழுதப்பெற்ற ஒழுங்குச் சட்டங்கள், சென்னையில் ஒரு ஃபௌஜ்தாரி அதாலத்தையும் அதன் கீழ்ச் சர்க்யூட் மன்றங்களையும் நிறுவின. மசூலிப்பட்டணம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலைச்சேரி ஆகிய நான்கு ஊர்கள் அவற்றின் இருப்பிடங்களாயின. ஆக, தஞ்சையிலோ மதுரையிலோ திருநெல்வேலியிலோ நடந்த கொலைவழக்கில், கொன்றவனும் இறந்தவனும் எச்சமயத்தவராயினும், இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தை ஒட்டி ஒரு முஸ்லிம் சட்ட அறிஞர் கருத்து எழுதவேண்டியிருந்தது. இன்று இதைக் கேட்போர் வியப்படையலாம். ஆனால் அறுபது ஆண்டுகள் இம்மாகாணத்தின் குற்றவியல் நீதிக்கு, திருத்தங்கள் பல பெற்ற நிலையிலும், அதுவே அடிப்படையாக இருந்தது.

பதிவு சென்ற பாதை

சர்க்யூட் நீதிபதி ஆண்டுக்கு இருமுறை ஜில்லாக்களைச் சுற்றிவந்து சிறையில் காத்திருக்கும் கைதிகளை விசாரிப்பார். குற்றச்சாட்டு படிக்கப்பெறும், கைதியின் பதில் எழுதப்பெறும். வாதித் தரப்புச் சாட்சியமும் கைதியின் தரப்புச் சாட்சியமும் பதிவு செய்யப்பெறும். விசாரணை முழுவதிலும் சட்ட அதிகாரியான காழியோ முஃப்தியோ உடனிருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், அந்தப் பதிவின் இறுதியிலேயே அவர் தம் ஃபத்வாவை எழுதி, முத்திரையும் கையொப்பமும் இட வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா, மெய்ப்பிக்கப்பட்டதாயின் ஷரீஅத்தின்படி அதற்குரிய தண்டனை யாது என்பவை அதில் அடங்கும்.

நீதிபதி ஃபத்வாவை ஏற்றால் தீர்ப்பு வழங்கலாம். ஆனால் தண்டனை மரணமாகவோ ஆயுட்காலச் சிறையாகவோ இருந்தால் அவர் தாமாக முடிவு செய்ய இயலாது. ஃபத்வாவை ஏற்க மனமில்லாவிட்டாலும் அவ்வாறே. முழுப் பதிவையும் தம் கருத்துரையோடு மேல்மன்றத்திற்கு அனுப்ப வேண்டும். அங்கே அது முதலில் அம்மன்றத்துச் சட்ட அதிகாரிகளின் கைக்குச் செல்லும். கீழ்மன்றத்து ஃபத்வா சான்றுக்குப் பொருந்துகிறதா, சட்டத்திற்கு ஒத்திருக்கிறதா என்று அவர்கள் எழுதுவார்கள். அதன் பின்னரே நீதிபதிகள் தீர்ப்பளிப்பார்கள்.

கைதி மனுப் போட்டதால் இது நிகழவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவனுக்கு வக்கீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பதிவு தானாகவே மேலே சென்றது. ஏழையின் உயிருக்கு அதுவே காவல்.

அந்தக் காவலில் ஓட்டைகளும் இருந்தன. மேல்மன்றம் சாட்சிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. தாளை மட்டுமே பார்க்கிறது. சாட்சி பேசியது தமிழ் அல்லது தெலுங்கு. ஆங்கில நீதிபதி படித்தது மொழிபெயர்ப்பு. எழுதியவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அது எவர் கண்ணிலும் படாது. சட்ட நூலுக்கும் இதே கதிதான். 1791ல் வெளிவந்த சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில ஹிதாயா, அரபு மூலத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்டதன்று. மௌலவிகள் செய்த பார்ஸி மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது. நகலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தை அறிந்தவரை மேற்பார்வை பார்த்தனர் கும்பெனி அதிகாரிகள்.

சட்ட அறிஞர்களை உருவாக்குவதற்காகவே கல்கத்தா மத்ரஸா 1780ல் தொடங்கப்பெற்றது. சென்னையில் 1812ல் எல்லிஸ் துரையின் முயற்சியால் அமைந்த ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியிலும், ஆங்கில அதிகாரிகளுக்கு மொழி கற்பித்ததோடு, நாட்டுச் சட்ட மாணவர்களையும் பயிற்றி வந்தனர்.

ஃபத்வாவின் உள்ளே

ஹத்து எனும் தண்டனைகளை ஐயம் எழுந்த இடத்தில் விலக்குக என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. சாட்சிகளின் நேர்மையை மறைவிலும் வெளிப்படையிலும் விசாரித்து அறிவதற்குத் ‘தஸ்கியா’ என்று பெயர். திருட்டுக்குரிய ஹத்தில் ஒப்புதல் அளித்தவன் பின்னர் அதைத் திரும்பப் பெற்றால் ஹத்து நீங்கிவிடும்; பொருளுக்குரிய பொறுப்பு மட்டும் எஞ்சும். இவ்விதிகளைக் கையாண்ட முஃப்திகளைக் கும்பெனி அதிகாரிகள் பலர், குற்றவாளிகளைத் தப்பவிடுகின்றவர்கள் என்று குறைகூறினர். ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அளிப்பதே நாகரிக நீதியின் இலக்கணம் என்று இன்று சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். அன்று அது முஃப்தியின் பலவீனமாகத் தோன்றியது!

எனினும், குறைகூறியவர்கள் முற்றிலும் தவறினர் என்று நாம் சாதிக்க வரவில்லை. கொலைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேண்டுமென்றே செய்த கொலையா என்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கருவியைக் கொண்டு முடிவு செய்தார்கள். ஆயுதத்தாலோ, ஆயுதம் போல் உடலை வெட்டிப் பிளக்கும் பொருளாலோ கொன்றால் கிஸாஸ் உண்டு. பெருங்கல்லாலோ தடியாலோ அடித்துக் கொன்றால் அது வேண்டுமென்றே செய்த கொலையை ஒத்தது என்னும் வகையில் சேரும். அதற்குக் கிஸாஸ் இல்லை, தியத் எனும் இழப்பீடே உண்டு. இதைக் கண்ட காரன்வாலிஸ், கருவியை அன்றிக் கொன்றவனின் எண்ணத்தையே பார்க்க வேண்டும் என்று 1790ல் விதித்தார். முஸ்லிம் சட்டத்தை ஆங்கிலேயர் திருத்திச் செம்மைப்படுத்தியதற்கு எடுத்துக்காட்டாக இதனைச் சிலர் இன்றும் எழுதுகின்றனர். ஆனால் உண்மை யாது? இமாமின் தலைமாணவர்களான அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும், சாதாரணமாக உயிரைப் போக்கக்கூடிய கனமான பொருளால் கொன்றாலும் கிஸாஸ் உண்டு என்றே கூறியிருந்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே. ஹிதாயாவே இக்கருத்து வேறுபாட்டை எடுத்துரைக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ நூல்களை ஓதும் ஒரு மாணவனுக்குப் புதிதாகத் தோன்றாத கருத்தை, கும்பெனி தன் சீர்திருத்தம் என்று அறிவித்தது. அதாலத்துகளில் ஹனஃபி நூல்களே ஆட்சி செய்தமையால், தென்கடற்கரை முஸ்லிம்களின் மத்ஹபு அங்கே வாய் திறக்கவும் இடமில்லாது போயிற்று.

உடலுறுப்பைத் துண்டிக்கும் தண்டனை 1791ல் நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த மாற்றங்களே முஃப்திகளின் நிலையைச் சங்கடத்திற்கு உள்ளாக்கியவை. இறந்தவனின் வாரிசு கொலைகாரனை மன்னித்துவிட்டாலும் வழக்கு முடிந்துவிடாது, “வாரிசு கிஸாஸ் கோரியிருந்தால் உம் ஃபத்வா யாது?” என்று முஃப்தியிடம் கேட்க வேண்டும். சாட்சி முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அவருடைய சாட்சியம் சட்டப்படி ஏற்கப்படாத இடத்தில், “அவர் முஸ்லிமாக இருந்திருந்தால் உம் ஃபத்வா யாது?” என்று கேட்க வேண்டும். விடையைப் பதிவோடு சேர்த்து மேல்மன்றத்திற்கு அனுப்ப வேண்டும்.

இந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதோர். அவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் ஏற்க மாட்டோம் என்று ஒரு பொது நீதிமன்றம் கூறுவது நியாயமாகாது. அவ்வகையில் மாற்றம் வேண்டியதே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாற்றத்தை அரசு தன் பெயரால் செய்திருக்கலாம். நடக்காததை நடந்ததாகக் கொண்டு ஃபத்வா எழுதச் சொன்னது, தன் விருப்பத்திற்கு ஆலிமின் முத்திரையை இரவல் வாங்கியதாகும். எழுதிய முஃப்தி பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்கு நூலில் உள்ள விடையையே அளித்தார். ஆயினும் அவ்விடையின் மேல் ஒருவன் தூக்கிலிடப்பட்டபோது, அத்தண்டனை ஷரீஅத்தின் தண்டனையா, கும்பெனியின் தண்டனையா? அந்த முத்திரையை இட்ட கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை ஓதிப் படித்தவர்கள் உணர்வார்கள்.

அஸ்தமனம்

வங்கத்தில் 1832ல் வந்த ஒழுங்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதோர் இஸ்லாமியச் சட்டப்படி விசாரிக்கப்படுவதிலிருந்து விலக்குக் கோரலாம் என்றும், ஃபத்வா இன்றியே பஞ்சாயத்தார், அசெஸ்ஸர்கள் அல்லது ஜூரிகளின் துணைகொண்டு வழக்கை நடத்தலாம் என்றும் இடமளித்தது. சென்னையில் 1843ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம் சர்க்யூட் மன்றங்களை நீக்கி, ஜில்லாதோறும் செஷன்ஸ் நீதிபதிகளை அமர்த்தியது. 1860ல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டமும் 1861ல் இயற்றப்பெற்ற குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1862ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது; ஃபௌஜ்தாரி அதாலத் மறைந்தது.

ஒழிக்கப்பட்ட மன்றங்களின் பதிவுகளும் ஆவணங்களும் புதிய உயர்நீதிமன்றத்தின் பதிவுகளாகும் என்று 1861ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றச் சட்டம் கூறிற்று. இறங்கிய காழியிடமிருந்து ஏறிய காழிக்குத் தீவான் கைமாறும் அதே காட்சி!

ஆனால் பதிவுகளுக்குக் கிடைத்த இடம் பதிவை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், இந்து முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவிகளோடு காழிகளின் அரசு நியமனத்தையும் நிறுத்திவிட்டது. நிகாஹ் நடத்தவும் பதியவும் அரசு அங்கீகாரம் பெற்ற காழி இல்லாமற் போகவே, முஸ்லிம்கள் இடர்ப்பட்டனர். அதன் விளைவாக, ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் கவர்னர் ஜெனரலின் சட்டசபையில் கொணர்ந்த மசோதா 1880ல் காழிகள் சட்டமாயிற்று. அச்சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாக இயற்றப்பட்டது என்பது நம் கவனத்திற்குரியது. காழிகளை அரசு நியமிக்கலாம் என்ற அச்சட்டமே, நியமனத்தால் அவர்களுக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்பதையும் தெளிவாக எழுதிவைத்தது. கொலைவழக்கில் முத்திரையிட்ட கரத்திற்கு நிகாஹ் பதிவேடு எஞ்சியது.

எஞ்சியது எது?

மரண தண்டனைப் பதிவு தானாகவே மேல்மன்றத்திற்குச் செல்லும் முறை மட்டும் அழியவில்லை. 1861, 1872, 1882, 1898, 1973 என்று நடைமுறைச் சட்டம் எத்தனை முறை புதிதாக எழுதப்பட்டபோதும் அது தொடர்ந்து வந்தது. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 407ஆம் பிரிவிலும் அது உள்ளது. செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால், உயர்நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அது நிறைவேறாது. உறுதி செய்யும் ஆணையில் இரு நீதிபதிகளேனும் கையொப்பமிட வேண்டும். மேல்முறையீட்டுக்குரிய காலம் கழியும்வரை, அல்லது செய்த மேல்முறையீடு முடியும்வரை, உறுதி செய்தலும் ஆகாது. சிறையில் இருப்பவன் சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். சிறைத் தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும்.

இவை அனைத்தும் நாம் தந்தவை என்று பெருமை பேசுதல் முறையாகாது. நாஜிமின் ஆணையும் முஃப்தியின் ஃபத்வாவும் ஆங்கிலேயரின் மேற்பார்வை முறையும் ஒரே தாளில் சந்தித்தபோது உருவான வழக்கம் இது. ஆங்கிலேயரே எல்லாம் தந்தனர் என்பதும் அதே அளவுக்குத் தவறு. உயிர் போனால் திரும்பாது. எனவே ஒருவர் பார்த்தது போதாது என்ற அச்சமே இதற்கு அடிப்படை. அந்த அச்சம் எச்சமயத்து நீதிபதிக்கும் பொதுவானது.

இதிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளவேண்டிய பாடமும் உண்டு. மேல்மன்றத்தில் பேசுவது மனிதனன்று, பதிவே. கீழ்மன்றத்தில் சொல்லப்படாத சாட்சியத்தை மேல்மன்றம் சாதாரணமாகக் கேட்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகளில் எவரேனும் வழக்கில் சிக்கினால், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளாவிருத்தல் பேதைமை. மகஜரில் என்ன எழுதப்பட்டது, தம் பெயரால் என்ன பதிவாயிற்று என்பதைப் படித்துணராமல் எவரும் கையொப்பம் இடலாகாது.

மற்றொன்றையும் வேண்டிக்கொள்கிறோம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பெனி அரசின் நீதித்துறை ஆலோசனைத் தொகுதிகள் அடுக்கடுக்காக உள்ளன. ஆங்கிலத்தோடு அரபும் பார்ஸியும் அறிந்த இளைஞர்கள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். காழிகள், முஃப்திகளின் வழித்தோன்றல்கள் இல்லங்களிலும் பழைய ஃபத்வாக் குறிப்புகளும் முத்திரைகளும் பதிவேடுகளும் பெட்டிகளில் கிடக்கக்கூடும். செல்லரித்த தாள் என்று அவற்றைக் கிணற்றில் இடுவோர் உளர். அவர்களிடம் நாம் சொல்வது இதுவே: முன்னவரின் தீவானைக் கேட்டுப் பெறுவதே புதிய காழியின் முதற் கடமை என்று நம் இமாம்கள் எழுதிவைத்தார்கள். அக்கடமை காழிக்கு மட்டும் உரியதன்று.